துரத்தல் ஓய்ந்த பின்

தெருநாய் ஒருவரைத் துரத்துவது பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். தன் எல்லையைக் கடந்து அவர் சென்றதும் அது திரும்பிவிடும். துரத்தப்பட்டவரும் வீடு சேர்ந்து, நடந்ததைக் குடும்பத்தாரிடம் சிரித்தபடி சொல்லிவிட்டு மறந்துவிடுவார். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் காலில் சிறு கீறல் விழுந்திருந்தாலும், அது மறக்கத்தக்க நிகழ்ச்சி அன்று.

நூற்பாலையிலும் பனியன் நிறுவனத்திலும் இரவு ஷிப்ட் முடித்து வண்டியில் திரும்புவோர், விடியற்காலையில் நடைப்பயிற்சி செல்லும் முதியோர், தெருவில் விளையாடும் சிறுவர் ஆகியோரே நம் பகுதியில் மிகுதியாகத் துரத்தப்படுகின்றனர். அண்மையில் சர்க்கரை நோய்க்கான மறுபரிசோதனைக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். உடன் வந்த மருமகள் சொன்ன பிறகே வேட்டியைச் சற்று உயர்த்திக் கணுக்காலைக் காட்டினார். நான்கு நாள் பழைய கீறல். அதன்மேல் சுண்ணாம்பு பூசியிருந்தார். “பல்லே படலீங்க டாக்டர், நகந்தானுங்க. ரத்தங்கூட வரலீங்க” என்றார். அன்றே அவருக்குத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. மருமகள் வாய் திறந்திராவிடில், அந்தக் கீறல் எங்கள் கவனத்திற்கே வந்திராது.

நாய் ஏன் துரத்துகிறது? தான் வாழும் தெருவைக் காக்கவும், குட்டிகளைக் காக்கவும் துரத்துகிறது. வேகமாக விலகிச் செல்லும் எதையும் பின்தொடர்வது அதன் இயல்பூக்கம். மாணவப் பருவத்தில் நான் சைக்கிளை விரைந்து மிதிக்க மிதிக்க, நாயும் அதே அளவுக்கு வேகம் கூட்டி வந்ததுண்டு. ஒரு நாள் இறங்கி, சைக்கிளை இடையில் நிறுத்திக்கொண்டு அசையாமல் நின்றேன். அது சிறிது நேரம் குரைத்துவிட்டுப் போய்விட்டது.

நடந்து செல்வோர் ஓடக் கூடாது. கைகளை உடலோடு ஒட்டி வைத்து நிற்க வேண்டும். நாயின் கண்களை உற்று நோக்காமல், அது அமைதியடைந்ததும் மெல்ல விலக வேண்டும். கீழே விழ நேர்ந்தால் உடலைச் சுருட்டி, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மறைத்துக்கொள்ள வேண்டும். வண்டி ஓட்டுவோர் காலால் உதைக்க முயல்வதும், திடீரென வேகம் கூட்டுவதும் ஆபத்தானவை. கடியைவிட, நிலைகுலைந்து விழுவதால் ஏற்படும் தலைக்காயம் உடனடியாக உயிரைப் பறிக்கலாம். சீராக வேகத்தைக் குறைப்பதே நன்று. பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் தலைக்கவசம் தேவை.

இனி, காயம் பட்டுவிட்டால் செய்ய வேண்டியவை. முதல் மருந்து உங்கள் வீட்டுக் குழாயில் இருக்கிறது. ஓடும் நீரிலும் சோப்பிலும் காயத்தைப் பதினைந்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைச் சிதைத்துவிடும். மிளகாய்த்தூள், காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு ஆகிய எதையும் வைக்க வேண்டாம். இறுகக் கட்டவும் வேண்டாம்.

கழுவியதும் மருத்துவமனைக்கு வாருங்கள். காயமற்ற தோலை நாய் நக்கியிருந்தால் ஊசி தேவையில்லை. இரத்தம் கசியாத கீறலுக்குத் தடுப்பூசி தேவை. தோலைத் துளைத்த கடிக்கும், இரத்தம் வந்த கீறலுக்கும், பழைய புண்ணிலோ வாய், கண்ணிலோ எச்சில் பட்டதற்கும் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தைக் காயத்தைச் சுற்றியும் செலுத்த வேண்டும். பூனைக்கும், மருதமலை போன்ற இடங்களில் கையிலிருப்பதைப் பறிக்க வரும் குரங்குக்கும் இதே விதிதான். வளர்ப்பு நாய் என்றாலும், அதற்கு ஊசி போடப்பட்டிருந்தாலும், மருத்துவரைக் கலந்த பின்னரே முடிவெடுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறத்தாழ இயலாது. அறிகுறி தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சில வேளைகளில் ஒரு வாரத்திலும் தோன்றலாம், ஓராண்டும் ஆகலாம். அந்த இடைவெளியே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. பாரிசில் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி போடத் தொடங்கியது இந்த இடைவெளியில்தான். நமக்கு அருகிலுள்ள குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, தென்னிந்திய மக்களுக்கும் அந்த வாய்ப்பு எட்டும் தொலைவுக்கு வந்தது.

அக்காலத் தடுப்பூசி ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது. வயிற்றில் நாள்தோறும் பல ஊசிகள் போட வேண்டியிருந்தது. “தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி” என்ற அச்சம் இன்றும் பல குடும்பங்களில் நீங்கவில்லை. அந்த மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது ஊசி கையில்தான் போடப்படுகிறது. தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28ஆம் நாள்களிலும் வர வேண்டும். முதல் ஊசி போடும் நாளே 0 எனக் கொள்ளப்படும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இத்தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் போட்டுக்கொள்ளலாம். உணவில் பத்தியம் எதுவும் இல்லை.

சில நாள் கடந்துவிட்டது என்பதற்காகத் தயங்காதீர்கள். தாமதமாக வந்தாலும் சிகிச்சை தொடங்கப்படும். நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டு வரலாம் என்றும் காத்திராதீர்கள். சிகிச்சையைத் தொடங்கிவிட்டே கவனிக்க வேண்டும்.

இல்லத்தாருக்கு ஒரு வேண்டுகோள். சிறுவர்கள் திட்டுக்கு அஞ்சி மறைப்பார்கள். முதியோர் பிறருக்குத் தொல்லை எதற்கென்று மறைப்பார்கள். நாய் துரத்தியதாக யாரேனும் சொன்னால், கடிந்துகொள்ளாமல் கை கால்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி தொடங்கிவிட்டால், அடுத்து வர வேண்டிய நாள்களை வீட்டு நாள்காட்டியில் அன்றே வட்டமிட்டு வையுங்கள். காயம் ஆறிய பிறகு வரும் 28ஆம் நாளை மறவாமல் சேர்த்து.