சாவி யார் கையில்?

கஞ்சிக்கோட்டில் வசிக்கும் நம்மவர்களுக்கு வாளையார்க் காட்டு ரயில் பாதையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போகிறோம். 'ஏ' லைன், 'பி' லைன் என்று இரண்டாகப் பிரிந்து செல்லும் அந்தப் பகுதியில், 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரையில் ஒரு கட்டுப்பாட்டு அறையைத் திறந்தது. பாதையோரம் 12 கோபுரங்களில் கேமராக்கள். யானை தென்பட்டால் வனத்துறை ஊழியர்களுக்கும் ரயில்வேக்காரர்களுக்கும் கணிப்பொறி மூலம் எச்சரிக்கை போகிறது.

சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு உடனே தோன்றியது இதுதான்: இரண்டு இலாகாக்கள் ஒரே தகவலைப் பங்கிடும்போது யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம்? டிரைவருக்கு வேண்டியது எச்சரிக்கை. கேமராவைத் திருப்பும் வேலை அவருக்கு இல்லை. யானை நிற்கும் இடம் கண்டவர் கைக்கெல்லாம் போனால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். தந்தத்துக்கு அலைபவனுக்குத் தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கேள்வி காட்டோடு நிற்பதில்லை. இப்போது சிறிய மில்லில்கூட உற்பத்தி, இருப்பு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரு சர்வரில் வைத்து, வரைபடங்களாகத் திரையில் காட்டுகிறார்கள். 'டேஷ்போர்டு' என்று பெயர். நம் பிள்ளைகள் பலருக்கு அதுதான் வேலை. என் தம்பி மகனும் கோவைப் பக்கம் ஒரு மில்லில் மெட்டாபேஸ் என்ற மென்பொருளை வைத்து அப்படி ஒன்றை அமைத்தான். சம்பளக் கணக்கு மூன்று பேருக்கு மட்டும் என்று தனிக் குழு உண்டாக்கி அனுமதியும் கொடுத்தான். மறுவாரமே ஸ்டோர் குமாஸ்தா ஒருவர் எல்லோருடைய சம்பளத்தையும் பார்த்துவிட்டார். பதினைந்து வருடம் உழைத்தவரைவிடப் புதிதாக வந்தவருக்கு அதிகம் என்பது ஷிப்டு முழுக்கப் பரவி, இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"பெரியப்பா, நான் மூணு பேருக்குத்தானே குடுத்தேன்!" என்றான் போனில்.

"குடுத்தது சரிடா. மத்தவங்ககிட்டேருந்து எடுத்தியா?"

எடுக்கவில்லை. அந்த மென்பொருளில் 'ஆல் யூசர்ஸ்' என்று ஒரு குழு தானாகவே இருக்கிறது. புதிதாகச் சேரும் எவரும் அதில் அங்கத்தினர். யாரையும் அதிலிருந்து நீக்க முடியாது. ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்தால், எது தாராளமாக அனுமதிக்கிறதோ அதுவே செல்லும். ஆகவே பொதுக் குழுவுக்குக் கதவு திறந்திருக்கும் வரை, தனிக் குழுவுக்குப் பூட்டுப் போட்டுப் பயனில்லை.

எனக்கு இது தலைகீழாகப் பட்டது. ரயில்வே சிக்னலில் பத்து நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் சிவப்புதான். பச்சைக்குப் பத்தும் சரியாக இருக்க வேண்டும். டேப்லோ என்ற இன்னொரு மென்பொருள் ஓரளவு நம் வழி: ஒரு குழு 'சரி' என்று, இன்னொரு குழு 'கூடாது' என்றால் 'கூடாது' என்பதே நிற்கும், எதுவும் சொல்லாவிட்டாலும் அனுமதி இல்லை. எந்தச் சரக்கில் எந்த விதி என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கை வைத்தால் என் தம்பி மகன் கதைதான்.

இன்னொன்று. ரிலே அறைக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றொன்று சிக்னல் பராமரிப்பாளரிடம். ஒருவர் மட்டும் உள்ளே போக முடியாது. சாவி வாங்கிய நேரமும் திருப்பிய நேரமும் ரிஜிஸ்டரில் ஏறும். மாற்றல் வந்தால் சாவி அடுத்தவர் கைக்குப் போகும், ஏனென்றால் அது பதவிக்குரியது, ஆளுக்குரியது அல்ல. குழுக்களும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக அனுமதி எழுதிக்கொண்டே போனால், ஒரு வருடத்தில் எழுதியவனுக்கே புரியாது.

வேலையை விட்டுப் போனவர் கணக்கை மூடத் தயங்குகிறார்கள், அவர் செய்துவைத்த அறிக்கைகள் போய்விடுமோ என்று. மெட்டாபேஸில் ஆளை முடக்கினாலும் அவர் செய்தவை அப்படியே இருக்கும். தம்பி மகனிடம் பட்டியலை வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். விலகி எட்டு மாதமான ஒருவர், சர்வரையே மாற்றியமைக்கும் நிர்வாகிக் குழுவில் இன்னும் இருந்தார்.

நமது சங்க அலமாரிச் சாவி மூன்று பேரிடம் இருப்பதாக நினைவு. நான்காவது யாரிடம் என்று செயலாளர் அடுத்த கூட்டத்தில் சொன்னால் நல்லது.