கொலுவில் பிளாஸ்டிக் கட்டைகள்: கொண்டபள்ளி பொம்மைக்கு தில்லியின் விதிகள் கைகொடுக்குமா?

புதுதில்லி: நவராத்திரி கொலுவில் கோயில், தெப்பக்குளம், கடைத்தெரு போன்ற காட்சிகளைப் பிளாஸ்டிக் கட்டைகளால் அமைக்கும் வழக்கம் நகர்ப்புறக் குடும்பங்களில் பரவி வருகிறது. இதே காட்சிகளை மரத்திலும் களிமண்ணிலும் தலைமுறை தலைமுறையாக வடித்துவரும் கைவினைஞர்களின் நிலை இனி என்னவாகும்? பொம்மைத் தொழிலைக் காப்பதற்காக மத்திய அரசு 2020 முதல் எடுத்துவரும் நடவடிக்கைகளின் பலன் அவர்களைச் சென்றடைகிறதா? அரசியல் முக்கியத்துவம் வாய்ந்த இக்கேள்விகளைக் கொலுப்படிகளே எழுப்பியுள்ளன.

பொறியாளர்களின் குடியிருப்பு:

ஹைதராபாதின் ஏ.எஸ்.ராவ் நகர், இசிஐஎல் எனப்படும் இந்திய மின்னணுக் கழகத்தை நிறுவியவரான அணு விஞ்ஞானி ஏ.எஸ்.ராவின் பெயரைத் தாங்கியது. 1967-ல் அணுசக்தித் துறையின்கீழ் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தயாரிக்கும் இரு பொதுத்துறை நிறுவனங்களுள் ஒன்று. பொதுத்துறை நிறுவனங்களைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகளில் பல மாநிலத்தவரும் கலந்து வாழ்வது இயல்பு. தமிழர் வீட்டுக் கொலுவும், தெலுங்கர் வீட்டுப் 'பொம்மல கொலுவு'ம் இத்தகைய இடங்களில் அடுத்தடுத்த வீடுகளில் அமைகின்றன. தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றில் தசராவுக்கு மட்டுமன்றி சங்கராந்திக்கும் கொலு வைக்கும் வழக்கம் உண்டு.

மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் அமையும் கொலுப்படிகளில் கலசம், மரப்பாச்சி, தெய்வ உருவங்கள் ஆகியவற்றுக்கு உரிய இடம் மரபால் வரையறுக்கப்பட்டுள்ளது. ஆனால், படிகளுக்குக் கீழே தரையில் அமையும் 'பார்க்' எப்போதும் குழந்தைகளின் ஆட்சிக்கு உட்பட்டது. மணலைப் பரப்பி, முளைவிட்ட கேழ்வரகை வயலாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி அவர்கள் அதனை உருவாக்குவர். கிரிக்கெட் மைதானமும் ரயில் நிலையமும் ராக்கெட் ஏவுதளமும் அங்கு இடம்பெற்றது இன்று நேற்றல்ல. எனவே, பிளாஸ்டிக் கட்டைகளின் வருகையை மரபு மீறல் எனக் கூறுவதற்கில்லை.

இது கொலுவோடு நிற்கும் போக்கும் அன்று. 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ கிராமத்தில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த காட்சியிலிருந்து வளர்ந்ததாகக் கருதப்படுவது கிறிஸ்துமஸ் குடில். வைக்கோலிலும் மரத்திலும் சுடுமண்ணிலும் உருவாகிவந்த குடில்களை மேலை நாடுகளில் பலர் பிளாஸ்டிக் கட்டைகளால் அமைக்கின்றனர்.

பறிபோவது எது?

கட்டைகளால் கட்டப்படுவது பெரும்பாலும் தெய்வ உருவம் அல்ல. அதனைச் சூழ்ந்த ஊர். கோபுரம், மண்டபம், சந்தை, கிணற்றடி ஆகியவையே அவற்றால் எளிதில் அமைகின்றன. கைவினைஞர்களுக்கு நேரும் பாதிப்பின் தன்மை இங்கேதான் புலப்படுகிறது.

ஆந்திர மாநிலம் விஜயவாடாவை அடுத்த கொண்டபள்ளியில் 'தெல்ல பொனிகி' என்னும் இலேசான மரத்தில் பொம்மைகள் செதுக்கப்படுகின்றன. தனித்தனியாகச் செதுக்கிய பகுதிகளைப் புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த 'மக்கு'வால் ஒட்டி, வண்ணம் தீட்டுகின்றனர். தசாவதாரத் தொகுப்பு, அம்பாரி யானை ஆகியவற்றோடு மாட்டுவண்டி, பனையேறி, நீர் சுமக்கும் பெண் என கிராம வாழ்க்கையின் காட்சிகளும் இங்கு உருவாகின்றன. மதுரையை அடுத்த விளாச்சேரியிலும், பண்ருட்டியிலும், காஞ்சிபுரத்திலும் கொலுவுக்கென உருவாகும் பொம்மைகளில் திருமண ஊர்வலம், செட்டியார் கடை போன்ற தொகுப்புகளுக்குத் தனி இடம் உண்டு. தெய்வ உருவங்களின் விற்பனை தொடர்ந்தாலும், இக்காட்சிப் பொம்மைகளின் இடத்தைத்தான் கட்டைகள் பிடிக்கின்றன.

தச்சரிடம் தொடங்கிய கட்டை:

பிளாஸ்டிக் கட்டைக்குப் புகழ்தேடித் தந்த லெகோ நிறுவனமும் மர பொம்மையில் தொடங்கியதே. டென்மார்க்கின் பில்லுண்ட் நகரில் 1932-ல் தச்சர் ஒருவரால் நிறுவப்பட்ட அது, ஒன்றோடொன்று பிணையும் இன்றைய வடிவிலான கட்டைக்கு 1958 ஜனவரியில் காப்புரிமை கோரியது. 1960-ல் மர பொம்மைக் கிடங்கு தீக்கிரையானதை அடுத்து, மர பொம்மைத் தயாரிப்பை அடியோடு கைவிட்டது. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறினை 91 கோடிக்கும் அதிகமான வகைகளில் இணைக்கலாம் என்பது கணக்கு. ஒருமுறை வாங்கிய கட்டைகள் இந்த ஆண்டு கோபுரமாகவும், அடுத்த ஆண்டு தேராகவும் மாறும். மாட்டுவண்டிப் பொம்மை என்றும் மாட்டுவண்டியே.

அடிப்படைக் கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதன் வடிவத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யவும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-ல் மறுத்துவிட்டது. எனவே, அச்சும் இயந்திரமும் உள்ள எவரும் இத்தகைய கட்டைகளைத் தயாரிக்க இயலும்.

தில்லியின் நடவடிக்கைகள்:

2020 பிப்ரவரியில் பொம்மைகள் மீதான இறக்குமதித் தீர்வை 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2023-24 பட்ஜெட்டில் இது 70 சதவீதமாயிற்று. பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, 14 வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகும். முத்திரையில்லாத 18,600 பொம்மைகள் ஒரே மாதத்தில் கைப்பற்றப்பட்டதாக 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அறிவித்தது.

இதன் விளைவு புள்ளிவிவரங்களில் தெரிகிறது. 2014-15-ல் 33 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி, 2022-23-ல் 16 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. இதே காலத்தில் ஏற்றுமதி சுமார் 10 கோடி டாலரிலிருந்து 32 கோடி டாலருக்கு மேல் உயர்ந்தது.

கைவினைஞர்களை அரசு மறந்துவிட்டது எனக் கூற இயலாது. 2020 ஆகஸ்ட் 30-ல் ஒலிபரப்பான வானொலி உரையில் சென்னபட்டணம், கொண்டபள்ளி, தஞ்சாவூர் பொம்மைகளைப் பிரதமர் நரேந்திர மோடி பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஏடிகொப்பாக்க பொம்மைக் கலைக்குப் புத்துயிர் அளித்த சி.வி.ராஜுவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2025 குடியரசு தின அணிவகுப்பில் ஆந்திர அரசின் ஊர்தி அதே பொம்மைகளைத் தாங்கி வந்தது.

சலுகையில் உள்ள சிக்கல்:

ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தயாரித்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணையிலிருந்து விலக்கு உண்டு. சோதனைக்கூடச் செலவைத் தாங்க இயலாத குடும்பங்களுக்கு இது இன்றியமையாத சலுகை. ஆனால், விலக்குப் பெற்ற பொம்மையில் முத்திரை இராது. முத்திரையைப் பார்த்து வாங்குமாறு பெற்றோரை அரசே அறிவுறுத்தும் நிலையில், முத்திரையில்லாப் பொம்மை பெரிய அங்காடிகளின் அலமாரியில் எவ்வாறு இடம் பிடிக்கும்? மேலும், பதிவோ குறியீடோ இல்லாத கைவினைஞருக்கு இவ்விலக்கும் இல்லை.

தமிழில் 'பொம்மை' என்பது ஒரே சொல். வணங்குவதற்கும், பார்ப்பதற்கும், விளையாடுவதற்கும் உரியவை அனைத்தும் அதில் அடங்கும். தில்லியின் கோப்புகளில் விளையாட்டுப் பொம்மை வர்த்தக அமைச்சகத்திலும், கைவினைப் பொம்மை ஜவுளி அமைச்சகத்திலும் உள்ளன. இரண்டுக்கும் நடுவே நிற்பது கொலுப் பொம்மை.

வரி விதிப்பும் வேறுபாடு காட்டவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கைவினை மர பொம்மைகளுக்கும், மின்னணு அல்லாத ஏனைய பொம்மைகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கையால் செதுக்கியதற்கும் அச்சில் வார்த்ததற்கும் வரி ஒன்றே. உயர்த்தப்பட்ட இறக்குமதித் தீர்வு உள்நாட்டுப் பிளாஸ்டிக் தொழிற்சாலைகளுக்கு நேரடிப் பாதுகாப்பாக அமைந்துள்ளது. ஆனால், கொண்டபள்ளிப் பொம்மையின் போட்டியாளர் சீனக் கட்டை மட்டுமல்ல, இந்தியக் கட்டையும்தான்.

மூலப்பொருள் பிரச்னை தனி. தெல்ல பொனிகி மரம் அருகி வருவது நெடுநாள் குறை. 2014 மாநிலப் பிரிவினைக்குப் பின் கொண்டபள்ளியும் ஏடிகொப்பாக்கமும் ஆந்திரத்தில் அமைய, நிர்மல் பொம்மைகள் தெலங்கானாவுக்கு உரியனவாயின. ஆந்திரத்துக்கு 'லேபாக்ஷி', தெலங்கானாவுக்கு 'கோல்கொண்டா' என அரசு விற்பனை நிலையங்களும் இரண்டாயின. ஹைதராபாத் வாசிக்குப் பழகிய கொண்டபள்ளி பொம்மை இன்று அண்டை மாநிலப் பொருள்.

எதிர்பார்ப்பு:

பொம்மைகளுக்கான தேசியத் திட்டத்தை விரிவுபடுத்தி, இந்தியாவை உலகப் பொம்மை மையமாக்கப் போவதாக 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. தொழில் தொகுப்புகள், திறன் பயிற்சி, புதுமையான தயாரிப்பு ஆகியவை அதன் நோக்கங்கள். கைவினைஞர்களுக்கு அத்திட்டம் உண்மையில் பயன்பட வேண்டுமெனில் சில அடிப்படைப் பணிகள் தேவை. விலக்குப் பெற்ற பொம்மைகளுக்கு நுகர்வோர் எளிதில் அறியும் தனி அடையாளம், பொனிகி மரம் வளர்ப்பு, பதிவு பெறாத களிமண் கலைஞர்களை ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. குழந்தைகள் கட்டும் ஊருக்குள் பொருந்தும் அளவில் சிறு மனித உருவங்களையும் வண்டி வாகனங்களையும் செதுக்கக் கைவினைஞர்களுக்கு வடிவமைப்பு உதவி அளிக்கலாம். அவ்வாறு செய்தால் கட்டையும் மரமும் ஒரே 'பார்க்'கில் இடம்பெற இயலும்.

கோபுரத்தைக் கட்டையால் எழுப்பும் குழந்தைக்கு, அதன் வாசலில் நிறுத்த ஒரு மாட்டுவண்டி தேவைப்படும். அந்த வண்டி கொண்டபள்ளியிலிருந்து வருமா, அச்சு வார்ப்பு ஆலையிலிருந்து வருமா என்பதில் தில்லி வகுக்கும் திட்டத்துக்கும் பங்கு உண்டு.