கான்கிரீட்டுக்கும் சி.டி. ஸ்கேன்!

மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் எடுப்பது உங்களுக்குத் தெரியும். கான்கிரீட்டையும் அப்படி ஸ்கேன் செய்கிறார்கள் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைக் கண்டுபிடிக்கத்தான்! அந்தப் படங்களை அலசும் சாப்ட்வேர் ஒன்றை எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது.

மயிரிழை விரிசல்தானே என்று விட்டுவிட முடியாது. அதன் வழியே தண்ணீரும் உப்பும் உள்ளே போனால் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பை விட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பெயர்ந்து விழும்.

பாலத்தை ஸ்கேனருக்குள் நுழைக்க முடியாதே! எனவே துளையிட்டு ஓர் உருளைத் துண்டை எடுக்கிறார்கள். அதைச் சுழற்றி, பல கோணங்களில் நூற்றுக்கணக்கான எக்ஸ்ரே படங்கள் எடுப்பார்கள். கம்ப்யூட்டர் அவற்றைக் கொண்டு உட்புறத்தை முப்பரிமாணப் படமாகக் கணக்கிட்டுத் தரும். 1971-ல் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டின் ஸ்கேனர் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்ததும் இந்த அடிப்படையில்தான்.

மானிட்டரில் தெரியும் படம் பிக்ஸல்களால் ஆனது. இந்தப் படமோ வாக்ஸல் எனப்படும் குட்டிக் கனசதுரங்களால் ஆனது. 100 மி.மீ. துண்டை 2000 வாக்ஸல்களாகப் பிரித்தால் ஒரு வாக்ஸலின் அகலம் 50 மைக்ரான். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 2000 என்றால் மொத்தம் 800 கோடி வாக்ஸல்கள். ஒன்றுக்கு 2 பைட் வீதம் 16 ஜிபி. டிவிடியில் எழுதினால் நான்கு டிவிடி!

விரிசலின் அகலம் 10 மைக்ரான்தான் என்றால்? வாக்ஸலில் ஐந்தில் ஒரு பங்குதான் விரிசல், மீதி கான்கிரீட். இரண்டும் கலந்து, கறுப்புக்குப் பதில் சற்றே மங்கலான சாம்பல் நிறம்தான் கிடைக்கும்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். படம் புள்ளி புள்ளியாக இருக்கிறதே என்று ஸ்மூத்திங் பில்டர் போட்டேன். படம் பளிச்சென்று ஆனது. பெருமையாகக் காட்டினேன். சிவில் இன்ஜினியர் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தார். அதிலிருந்த மெல்லிய கோடு என் படத்தில் இல்லை!

"இதை நம்பிப் பாலத்தின் மேல் பஸ் விடலாமா, தம்பி?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். இமேஜ்ஜே என்ற இலவச சாப்ட்வேரில், சுவர் விரிசல் போட்டோ ஒன்றைத் திறந்து, பிராசஸ் மெனுவில் ஸ்மூத் என்பதைத் திரும்பத் திரும்ப கிளிக் செய்யுங்கள். மெல்லிய கோடுகள் மங்கிக்கொண்டே போகும். ஒரிஜினல் பைலின் மேலேயே சேவ் செய்துவிடாதீர்கள். அழகான படம் வேறு, உண்மையான படம் வேறு!