கல்முனை முதல் குமண வரை: எந்தக் காட்சிக்கு எந்த லென்ஸ்?

கல்முனையிலிருந்து ஏ4 வீதியில் தெற்கே போனால் ஒளிப்படக்காரருக்கு வேண்டிய எல்லாமே வழியில் வந்துவிடும். ஒலுவில் வெளிச்சவீடு, அக்கரைப்பற்றின் வயல்வெளி, பொத்துவில் களப்பு, அறுகம்குடாவின் வளைந்த கரை. பாணமையும் உகந்தையும் தாண்டினால் குமண தேசியப் பூங்கா. பொத்துவிலிலிருந்து மேற்கே திரும்பினால் லகுகலவில் யானைகள். கரையை விட்டு உட்பக்கம் போனால் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரம். அடிவானம் வரை விரிந்த கடலையும் மரக்கிளையில் நிற்கும் ஒற்றை நாரையையும் ஒரே பயணத்தில் படமெடுக்கலாம். இரண்டுக்கும் ஒரே லென்ஸ் ஏன் போதாது? இந்தக் கேள்விக்கான விடை ஆயிரம் ஆண்டு அறிவியலைத் தொட்டுக்கொண்டு வருகிறது.

பக்தாத்தில் வாழ்ந்த இப்னு ஸஹ்ல், சுமார் 984இல், ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது எவ்வளவு திரும்பும் என்பதை வடிவகணிதமாக வரைந்து காட்டினார். ஐரோப்பாவில் ஸ்னெல் அதே விதியைக் கண்டது 1621இல். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் ஆய்வு செய்த இப்னுல் ஹைஸம், 1011 முதல் 1021 வரையான காலத்தில் ‘கிதாபுல் மனாழிர்’ எழுதினார். கண் ஒளியை வீசிப் பார்ப்பதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார். சிறு துளை வழியாக இருட்டறைக்குள் ஒளி எப்படி விழுகிறது என்றும் ஆராய்ந்தார். நம் தோளில் தொங்கும் கமராவும் அடிப்படையில் ஓர் இருட்டறைதான். அதன் துளையில் ஒரு கண்ணாடி வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கண்ணாடிதான் லென்ஸ், பாடப்புத்தகத்தில் வில்லை. ஒளி காற்றில் நொடிக்குச் சுமார் 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது, கண்ணாடிக்குள் சுமார் 2 இலட்சமாகத் தளர்கிறது. தளரும்போது திசை திரும்புகிறது. கண்ணாடியைச் சரியான வளைவில் தேய்த்துவிட்டால், தொலைவிலிருந்து வரும் கதிர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து கூடும். லென்ஸிலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள தூரமே குவியத்தூரம். லென்ஸின் மேல் பொறித்திருக்கும் 24, 50, 400 என்ற மில்லிமீற்றர் எண்கள் சொல்வது இதைத்தான்.

குவியத்தூரம் கூடக்கூடப் படத்துக்குள் வரும் உலகம் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை மனக்கணக்காகவே போடலாம். முழு அளவுக் கமராவில் ஒளியை வாங்கும் உணரியின் அகலம் 36 மில்லிமீற்றர். அந்த 36ஐக் குவியத்தூரத்தால் வகுத்து, காட்சி இருக்கும் தூரத்தால் பெருக்குங்கள். 100 மீற்றர் தொலைவில் 24 மி.மீ. லென்ஸ் 150 மீற்றர் அகலத்தை அள்ளும். 50 மி.மீ. 72 மீற்றரை எடுக்கும். 400 மி.மீ. வெறும் 9 மீற்றர், 600 மி.மீ. 6 மீற்றர். நீண்ட லென்ஸ் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய சிறு துண்டைப் படம் முழுக்க நிரப்புகிறது.

இந்தக் கணக்குக்கு நம் கரையில் குமணவை விட நல்ல பரீட்சை இல்லை. 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 1970இல் தேசியப் பூங்காவாகவும் ஆன இடம் அது. யால கிழக்கு என்ற பெயர் 2006இல் குமண என மாறியது. சுமார் 200 ஹெக்டயர் பரந்த அதன் வில்லுச் சதுப்பில் மே, ஜூன் மாதங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. பார்வையாளர் நினைத்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது, சதுப்புக்குள் நடக்கவும் முடியாது. ஒரு மீற்றர் உயரமுள்ள மஞ்சள் மூக்கு நாரை 100 மீற்றரில் நின்றால், 24 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் உணரியில் கால் மில்லிமீற்றர்தான். 400இல் 4 மில்லிமீற்றர், அதாவது பட உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. 600இல் நாலில் ஒரு பங்கு. குமணவில் லென்ஸைத் தீர்மானிப்பது சதுப்பும் சட்டமும் வகுத்த தூரமே.

600 மி.மீ. பூதாகாரமாகத் தோன்றினால் ஒரு குறுக்கு வழி உண்டு. சிறிய உணரி கொண்ட கமராக்கள் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும். அவற்றில் 1.5 மடங்கு வகையில் 400 மி.மீ. லென்ஸ் பொருத்தினால் 600இன் பார்வைக்கோணம் கிடைக்கிறது. பறவையின் பிம்பம் பெரிதாகவில்லை, ஓரம்தான் வெட்டப்பட்டது. ஆனால் அந்தச் சிறிய பரப்பில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் இறகின் விவரம் கூடுதலாகவே பதியும். குறைந்த விலை, குறைந்த பாரம்.

600 மி.மீ. லென்ஸ் 60 சென்ரிமீற்றர் நீளம் இருக்க வேண்டாமா? இன்று பல 600 லென்ஸ்கள் 50 சென்ரிமீற்றரைக்கூட எட்டுவதில்லை. பின்பக்கம் ஒரு குழிவு வில்லைக் கூட்டத்தை வைத்தால், கூடும் கதிர்கள் மெல்லச் சாய்ந்து, இன்னும் தொலைவிலிருந்து வந்தவைபோல் நடந்துகொள்ளும். அகல லென்ஸில் இதே உபாயம் தலைகீழாகிறது. பழைய கமராக்களில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஓர் ஆடி மேலெழுந்து இறங்கியது. குட்டிக் குவியத்தூர லென்ஸுக்கு அங்கே இடமில்லை. 1950இல் பிரான்சின் பியர் ஆஞ்சென்யூ குழிவு வில்லையை முன்னால் வைத்து அந்தச் சிக்கலை அவிழ்த்தார். அறுகம்குடாவின் வளைவை முழுதாகப் பிடிக்கும் அகல லென்ஸ்கள் பலவற்றில் அந்த யோசனை இன்றும் வாழ்கிறது.

அடுத்தது வெளிச்சம். லென்ஸின் மேலுள்ள எஃப் எண், குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது. எஃப் 5.6 உள்ள 400 மி.மீ. லென்ஸுக்கு 71 மில்லிமீற்றர் துவாரம் போதும். எஃப் 2.8 வேண்டுமானால் 143 மில்லிமீற்றர். விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, உள்ளே வரும் ஒளியும் நான்கு மடங்கு. விடியலின் மங்கலில் நொடியில் 250இல் ஒரு பங்கு நேரம் திறக்க வேண்டிய இடத்தில் 1000இல் ஒரு பங்கு போதும். சிறகடிப்பு உறைந்து நிற்கும். அதற்கு ஈடாக ஏறத்தாழ 3 கிலோ கண்ணாடியையும் உலோகத்தையும் சுமக்க வேண்டும்.

கண்ணாடிக்கு ஒரு பிடிவாதமும் உண்டு: நீலத்தைக் கூடுதலாகவும் சிவப்பைக் குறைவாகவும் திருப்பும். அதனால் நிறங்கள் வெவ்வேறு இடங்களில் கூடுகின்றன. இதுவே நிறப்பிறழ்வு. கரும் கிளைக்கு முன்னால் நிற்கும் வெண்கொக்கின் ஓரத்தில் ஊதாக் கோடு படிவது இதனால்தான். புளோரைட் என்ற படிகம் நிறங்களை மிகக் குறைவாகவே பிரிக்கும். ஆனால் லென்ஸுக்குப் போதுமான பெரிய, தூய துண்டுகள் இயற்கையில் அரிது. கெனன் நிறுவனம் செயற்கையாகவே படிகத்தை வளர்த்து, 1969இல் 300 மி.மீ. லென்ஸ் ஒன்றில் பதித்தது.

கிழக்குக் கரையில் நமக்கு மட்டும் ஒரு சவால். சூரியன் கடலிலிருந்து எழுவதால் விடியற்காலைக் கடற்படம் எல்லாம் சூரியனுக்கு நேர் எதிரே எடுப்பதுதான். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் தெறிக்கவிடும். 30 பரப்புகளைக் கடந்தால் 30 சதவீதம்கூட மிஞ்சாது. தெறித்தது உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா இதற்கு மருந்து கண்டார். மனித முடியைச் சுமார் எண்ணூறு ஏடுகளாகச் சீவினால் வரும் ஓர் ஏட்டின் தடிமனில், ஏறத்தாழ 100 நானோமீற்றரில், ஒரு பூச்சு. பூச்சின் மேற்பரப்பில் தெறிக்கும் அலையும் அடிப்பரப்பில் தெறிக்கும் அலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. அந்த ஒளி வீணாவதில்லை, லென்ஸுக்குள் போய்ச் சேர்கிறது.

சேனாநாயக்க சமுத்திரத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் படகிலிருந்து பார்க்கலாம். அங்கே முக்காலி உதவாது, எஞ்சினின் அதிர்வு அதன் வழியே ஏறிவரும். 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் நொடியில் 400இல் ஒரு பங்காவது வேகம் வேண்டும் என்பது பழைய விதி. 1995இல் கெனன் 75-300 மி.மீ. லென்ஸில் நடுக்கநீக்கியை வைத்தது. சுழற்சியை உணரும் குட்டிக் கருவிகள் கை அசையும் திசையைக் கண்டறிய, ஒரு வில்லைக் கூட்டம் எதிர்த்திசையில் நகர்ந்து பிம்பத்தை நிலைநிறுத்தும். கை நடுக்கத்தை அது ஆற்றும், ஆனால் யானையின் அசைவை நிறுத்தாது. அதற்கு வேகம்தான் வழி.

எந்தப் பணத்தாலும் வாங்க முடியாத ஒன்று, நல்ல காற்று. கூடு கட்டும் பருவத்திலேயே கச்சான் காற்றும் எழும்பும். சூடேறிய நிலத்தின் மேல் வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும்போது, ஒவ்வொரு காற்றுத் துண்டும் தானே ஒரு லென்ஸாகி ஒளியை வளைக்கும். 600 மி.மீ. அந்த அலைவையும் சேர்த்துப் பெருக்கிக் காட்டும். நண்பகலில் 200 மீற்றர் அப்பாலுள்ள பறவை எந்த லென்ஸிலும் கூர்மையாக வராது. வெயில் ஏறுமுன் போவதே கைமருந்து.

நிலக்காட்சியின் கணக்கு வேறு. 24 மி.மீ. லென்ஸை எஃப் 11இல் வைத்து ஏறத்தாழ 1.8 மீற்றரில் குவித்தால், காலடியிலுள்ள சிப்பி முதல் அடிவானம் வரை தெளிவாகும். துவாரத்தை இன்னும் சிறிதாக்கினால் இன்னும் தெளியும் என்று தோன்றும். அங்கே ஒளி குறுக்கே நிற்கிறது. குறுகிய துவாரத்தின் ஓரத்தில் அலைகள் விரிந்துவிடுகின்றன. இதற்குக் கோணல் என்று பெயர். எஃப் 16இல் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் 21 மைக்ரோமீற்றர் வட்டமாகும். 24 மெகாபிக்சல் முழு அளவு உணரியின் ஒரு புள்ளியோ சுமார் 6 மைக்ரோமீற்றர்தான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய வியப்பு இது: லென்ஸ் காட்சியின் ஆழத்தை மாற்றுவதில்லை, நாம் நிற்கும் இடமே மாற்றுகிறது. களப்பில் ஒரு தோணியை 5 மீற்றரிலிருந்து 24 மி.மீ. லென்ஸில் எடுங்கள். பிறகு 50 மீற்றருக்குப் பின்வாங்கி 240 மி.மீ.இல் எடுங்கள். தோணி இரண்டிலும் ஒரே அளவு. பின்னால் 2 கிலோமீற்றரில் நிற்கும் பாறைக்குன்று மட்டும் ஏறத்தாழப் பத்து மடங்கு எழுந்து நிற்கும்.

தமிழகத்தின் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) தென்னிந்தியக் காடுகளைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தவர். ஒரு கமராவின் உடலையும் இன்னொன்றின் தொலை லென்ஸையும் கையால் செய்த பாகங்களையும் ஒன்றாக்கி, ‘சூப்பர் பொண்டரோசா’ என்று பெயரிட்டு அதைச் சுமந்தார். கடையில் கிடைப்பதோடு நின்றுவிடாமல், தன் காட்டுக்கு வேண்டியதை அவரே கட்டிக்கொண்டார்.

நமக்குக் கட்டவேண்டிய அவசியம் இல்லை, தேர்ந்தெடுத்தால் போதும். கடலுக்கும் வயலுக்கும் 16-35 அல்லது 24-70. நீந்தும் யானைக்கு 100-400. குமணவின் கூடுகளுக்கு 150-600. இரண்டுதான் முடியும் என்றால் 24-70உம் 100-400உம், கூடவே சிறிய உணரிக் கமரா ஒன்று. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதீர்கள். ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பனியாய்ப் படியும். வீடு திரும்பியதும் உப்பைத் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிவையுங்கள். இந்த ஈரப்பதத்தில் பூஞ்சை பூச்சையே அரிக்கும். வாங்குமுன் ஒரு தாளில் நீங்கள் போகும் இடங்களையும், ஒவ்வொன்றிலும் காட்சி நிற்கும் தூரத்தையும் எழுதுங்கள். ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். கடைக்காரர் சொல்வதற்கு முன்பே உங்கள் லென்ஸ் எது என்று தெரிந்துவிடும்.