மாயூரத்து முன்சீப்பு எழுதிய காதற் கதை

திங்கட்கிழமைக் காலையில் திருவண்ணாமலை வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்து வாசலில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் போளூரிலிருந்தும் முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்து, பட்டா மாறுதலுக்கென்றும் முதியோர் உதவித்தொகைக்கென்றும் வரப்புத் தகராறுக்கென்றும் ஆளுக்கொரு தாளோடு காத்திருக்கும் ஜனங்களின் முகங்கள் எளிதில் மறந்துபோவதில்லை. எழுதத் தெரியாதவர்கள் தங்கள் குறையை மனு எழுதுகிறவரிடம் சொல்லுகிறார்கள். அவர் எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டுகிறார். தாம் பட்ட துன்பம் தமக்கு விளங்கும் பாஷையிலேயே காகிதத்தில் ஏறியிருப்பதைக் காதால் கேட்டவுடன், காரியம் இன்னும் கைகூடாவிட்டாலும், அந்த முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. அந்தத் தெளிவைக் காணும்போதெல்லாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நினைவு எனக்கு வரும்.

தமிழில் முதன்முதலாக நாவல் எழுதியவர் என்ற ஒரு வரியோடு பள்ளிக்கூடப் புத்தகம் அவரை விட்டுவிடுகிறது. அவர் கத்தோலிக்கர், நியாயாதிபதி, கீர்த்தனை ஆசிரியர், பஞ்சகாலத்தில் ஊருக்குச் சோறு போட்டவர் என்பவையெல்லாம் தனித்தனிச் செய்திகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கோத்துப் பார்த்தால், அவருடைய விசுவாசம் கோவிலுக்குள் ஒன்றாகவும் கச்சேரிக்குள் வேறொன்றாகவும் இராமல், தினசரி உத்தியோகத்திலும் எழுத்திலும் ஒரே சரடாக ஓடியிருக்கிறது என்பதே என் துணிபு.

1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி, திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் பிறந்த இவர், திருச்சி நியாயஸ்தலத்தில் ஆவணங்களைக் காக்கும் சிறு உத்தியோகத்தில் அமர்ந்து, பின் மொழிபெயர்ப்பாளராகி, தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய இடங்களில் முன்சீப்பாக விளங்கினார். தரங்கம்பாடி, 1845 வரையில் டேனிஷ்காரர் வசமிருந்து பின் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட துறைமுகம்; 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறிய ஊர். வேதம் தமிழ் வசனமாக அச்சேறிய கடற்கரையில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் நீதிபீடத்தில் அமர்ந்து, பின்னாளில் வசனத்திலே கதையும் எழுதினார் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் முதலில் எழுதியது கதையன்று. 1859-இல் வெளியிட்ட நீதிநூலில், கைக்கூலி என்ற லஞ்சத்தைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். லஞ்சம் கொடுப்பாரும் வாங்குவாரும் நாள்தோறும் நடமாடிய இடத்தில் உத்தியோகம் பார்த்தவர் அதைப் பாடினார் என்பதிலேதான் அந்தப் பாட்டின் கனம் இருக்கிறது. அதன்பின் செய்த காரியம் அதைவிடப் பெரிது என்பேன். சென்னை சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் வழங்கிய தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்று பதிப்பித்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக, வாதியும் பிரதிவாதியும் தங்கள் நிலத்தையும் மானத்தையும் பணயம் வைத்து, எந்த நியாயத்தின்படி ஜயித்தோம், எந்த நியாயத்தின்படி தோற்றோம் என்று அறியாமலே வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நியாயத்தை அவர்கள் வாசிக்கத்தக்க எழுத்தில் முதன்முதலாகக் கொண்டுவந்து வைத்தவர் இந்த முன்சீப்பு. பசித்தவனுக்கு உணவிடுதல் எப்படித் தர்மமோ அப்படியே இதுவும் ஒரு தர்மம் என்று அவர் எண்ணியிராவிட்டால், உத்தியோக வேளை போக எஞ்சிய இரவுகளை இத்தகைய உலர்ந்த வேலையில் கழித்திருக்க மாட்டார்.

இப்படிப்பட்டவர் 1879-இல் ஒரு காதற் கதையை அச்சிட்டார். அதுதான் பிரதாப முதலியார் சரித்திரம். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையை நீக்கவே இதை எழுதியதாக அதன் முகவுரையில் சொல்லுகிறார். கதையின் முக்கிய பாத்திரங்களை மாசற்ற நற்குணமுடையவர்களாகப் படைத்ததற்கு ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தை ஆதாரமாகக் காட்டுகிறார். ஆனால் உள்ளே நுழைந்தால் அந்த நல்லவர்கள் நம்மைத் தூங்கவைப்பதில்லை. அத்தை மாமன் பிள்ளைகளான ஞானாம்பாளும் பிரதாபனும் ஒரே இடத்தில் பாடம் கேட்டு வளர்கிறார்கள். கலியாணப் பேச்சு வரும்போது, மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு இருக்கவேண்டும் என்று பெண்ணின் தகப்பனார் பிடிவாதம் பிடிக்க, இரு தகப்பன்மாரின் முரட்டுத்தனத்துக்கு நடுவில் இளையவர்களின் அன்பு திண்டாடுகிறது. இன்றும் எத்தனையோ வீடுகளில் நடக்கிற கதைதான்.

ஆரம்பத்தில் வரும் பள்ளிக்கூடக் காட்சி என் மனத்தை விட்டு அகலாதது. பணக்கார வீட்டுப் பிள்ளையான பிரதாபன் பாடத்தில் தவறினால், அவனை அடிக்கத் துணியாமல், கூடப் படிக்கும் ஏழைப் பையனான கனகசபையை உபாத்தியாயர் அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வாசகர் சிரிக்கும்படியாகவே ஆசிரியர் இதைச் சொல்லிப்போகிறார். ஆனாலும், பிறர் பாவத்துக்காகக் குற்றமற்றவர் ஒருவர் அடிபட்ட சரித்திரத்தைச் சிறுவயது முதல் பெரிய வெள்ளிதோறும் கேட்டு வளர்ந்த ஒருவருடைய பேனாவிலிருந்தே இந்தக் காட்சி பிறந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. அங்கே தேவன் தாமே மனமுவந்து ஏற்றதை, இங்கே மனிதர் ஓர் ஏழைப் பிள்ளையின் முதுகில் பலவந்தமாக ஏற்றுகிறார்கள். இது நானாக வாசிக்கும் பொருள். ஆசிரியர் கிறிஸ்துவின் பெயரை அங்கே சொல்லவில்லை.

சொல்லாததுதான் இந்நாவலின் விசேஷம். மேல்நாட்டிலே ஒரு கிறிஸ்தவர் சரித்திரக் கதை எழுதப் புகுந்தால் கதையே கிறிஸ்துவின் காலத்துக்குப் போய்விடுவதுண்டு. பிரதாப முதலியார் வெளிவந்ததற்கு மறு ஆண்டு, 1880-இல், அமெரிக்காவில் லூ வாலஸ் என்பவர் பென்ஹர் என்ற நாவலை வெளியிட்டார். அவர் வழக்கறிஞர், நியூமெக்ஸிகோ பிரதேசத்தின் கவர்னராக இருந்துகொண்டே அதை எழுதி முடித்தவர். அதில் யூத இளைஞன் ஒருவனின் வாழ்வு, சிலுவையடியில் வந்து முடிச்சவிழ்கிறது. பிரதாப முதலியார் வெளிவந்து சரியாக நூறாண்டு கழித்து, 1979-இல், கனடாவைச் சேர்ந்த ஜானெட் ஓக் என்ற அம்மையார் குடியேறிகளின் சமவெளி வாழ்வைப் பின்னணியாக வைத்துக் காதலும் ஜபமும் கலந்த ஒரு நாவலை எழுத, அந்த வழியில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் பெருகி, கிறிஸ்தவ சரித்திரக் காதல் நாவல் என்று தனி அலமாரியே மேல்நாட்டுப் புத்தகக் கடைகளில் ஏற்பட்டது. வேதநாயகரோ தம் கதையிலே முதலியார் குடும்பத்துச் சைவர்களையே நடமாடவிட்டார். ஒருவரையும் மதம் மாற்றவில்லை. தெய்வபக்தி, தாய்தந்தையரை வணங்கல், ஏழைக்கு இரங்கல், பொய்ச்சாட்சி சொல்லாமை ஆகியவற்றை எந்த வீட்டுப் பெண்ணும் பிள்ளையும் தங்களுடையவை என்று ஏற்றுக்கொள்ளும்படி வைத்தார்.

கதையின் உச்சம் விக்கிரமபுரியில். அந்த நகரத்தில் அநியாயமாகச் சிறைப்பட்ட கணவனைத் தேடி ஆண்வேஷம் பூண்டு வரும் ஞானாம்பாளின் கழுத்தில், அரசனில்லாத அவ்வூரின் யானை மாலையைப் போடுகிறது. அவள் சிங்காசனம் ஏறுகிறாள், கணவனை மீட்கிறாள், நாட்டையும் செம்மையாக ஆளுகிறாள். யானை மாலையிட்டு அரசனைத் தேர்வது பாட்டிமார் கதையில் வருவதுதான். மாலை ஒரு பெண்ணின் கழுத்தில் விழச் செய்ததில்தான் நம் முன்சீப்பின் உள்ளம் தெரிகிறது. அவர் அதற்குப் பத்தாண்டு முன்பே, 1869-இல், பெண்மதி மாலை பாடி, பெண்கல்வி வேண்டுமென்று வசனத்திலும் வாதாடியவர். மாயூரத்தில் பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தவர். இந்நாவலிலேயே ஓரிடத்தில், தமிழ் நாட்டு நியாயஸ்தலங்களில் தமிழரான நியாயாதிபதி முன்பு தமிழரான வக்கீல் ஆங்கிலத்தில் வாதிப்பதையும், வழக்குக்குரியவன் ஒன்றும் புரியாமல் விழித்து நிற்பதையும் வெகுவாகக் கண்டிக்கிறார். சித்தாந்த சங்கிரகத்தை எழுதிய அதே கை கதையிலும் அதே வழக்கை நடத்துகிறது. நம் மாநிலத்து உயர் நீதிமன்றத்தின் பாஷை இன்றும் ஆங்கிலமே என்பதை நினைக்கையில், அந்தப் பக்கங்களின் மசி இன்னும் உலரவில்லை என்று தோன்றுகிறது.

அவருடைய ஜபவாழ்வைக் காட்டும் நூல்கள் தனியே உள்ளன. திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மாள் பதிகம் ஆகியவை அவர் தம் சொந்த விசுவாசத்தில் மண்டியிட்டுப் பாடியவை. பெரியநாயகி என்பது, வீரமாமுனிவர் கோனான்குப்பத்தில் தேவமாதாவுக்குச் சூட்டிய திருநாமம். அருகிலுள்ள விருத்தாசலத்தில் அம்பாளுக்கும் அதே பெயர். எங்கள் ஊர் அம்பாளான உண்ணாமுலையம்மையின் பெயரைக் கேட்டுக்கொண்டே வளரும் எங்களுக்கு, தாய்க்குத் தமிழர் இடும் பெயர் மதில் தாண்டிப் போகிறதைக் காண்பதில் ஓர் ஆனந்தம் உண்டு. ஊரார் எல்லோரோடும் சேர்ந்து பாடுவதற்கென்று 1878-இல் சர்வசமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். எச்சமயத்தாரும் தயக்கமின்றி வாய்விட்டுப் பாடத்தக்க விதத்தில் ஏக தெய்வத்தை ராக தாளங்களோடு துதிக்கும் இவை, சங்கீதக் கச்சேரிகளிலும் ஏறின. துதிப்பாட்டுகளுக்குப் பக்கத்திலேயே உத்தியோகத் தொல்லை, குடும்பக் கவலை முதலியவற்றையும் கீர்த்தனையாக்கியிருக்கிறார். காலையில் செபமாலையும் பிற்பகலில் வழக்குக்கட்டும் தொட்ட கை அவருடையது. இரண்டுக்கும் நடுவே அவர் திரை போட்டுக்கொள்ளவில்லை.

திருவாவடுதுறை ஆதீன வித்துவானும் உ.வே.சாமிநாதையரின் ஆசிரியருமான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சிவபக்தியில் தோய்ந்தவர். அவர் இந்தக் கத்தோலிக்க முன்சீப்பைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்துக் கோவை பாடினார். கோவை என்பது தலைவன் தலைவி காதலைத் துறை துறையாகப் பாடும் பிரபந்தம். அகத்திணை வழிவந்த காதற் கவிதையைத் தம்மீது பாடக் கேட்டவர், பின்பு தாமே வசனத்தில் காதலை எழுதினார். மேல்நாட்டு நாவலைக் கண்டு எழுதினார் என்று மட்டும் சொல்லி நிறுத்துவோர் இந்தக் கோவையையும் எடைபோட வேண்டும்.

நாவலும் கீர்த்தனைகளும் அச்சேறிய காலம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லி நடுங்கிய கொடுமை, அக்காலத்தில் தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த எங்கள் திருவண்ணாமலை உட்படச் சென்னை ராஜதானியின் பெரும்பகுதியை வாட்டியது. அப்போது உத்தியோகத்திலிருந்து விலகியிருந்த வேதநாயகர், தம் கைப்பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர். செல்வரைப் புகழ்ந்து பாடும் வழக்கமில்லாத அந்தச் சிவபக்தர், இந்தக் கொடையைக் கண்டு உருகி வேதநாயகர்மீது ஒரு கீர்த்தனை பாடினார். நந்தனைப் பாடிய வாயால் பாடப்பெற்றதைக் காட்டிலும் வேறு விருது ஒரு கிறிஸ்தவருக்கு எதற்கு?

அவருடைய இரண்டாவது நாவலான சுகுணசுந்தரி 1887-இல் வெளிவந்தது. இதிலே கதாநாயகி ஒரு ராஜகுமாரி. அரண்மனைச் சூழ்ச்சியும் பிரிவும் சேர்க்கையும் உண்டு. அவற்றினிடையே பாலிய விவாகத்தின் கேட்டை எடுத்துச் சொல்கிறார். கதையின் கட்டுக்கோப்பு முதல் நாவலுக்கு ஈடாகாது. உபதேசம் சில இடங்களில் கதையை நிறுத்திவைத்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர், சின்னஞ்சிறு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று தகப்பன்மாரிடம் மன்றாடுவதற்காக ஒரு காதற் கதையைப் புனைந்தார் என்று அறிந்து படிக்கும்போது, அந்த இடங்களைப் புரட்டித் தள்ள என் விரல் கூசுகிறது. இரண்டே ஆண்டில், 1889 ஜூலை 21-ஆம் தேதி, அவர் மாயூரத்தில் காலமானார்.

சென்ற வாரம் ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு மூதாட்டி, எழுதி வாங்கிய மனுவை மடிக்கப் போனவள் மறுபடி நீட்டி, "இன்னொரு வாட்டி படிச்சுக் காட்டு சாமி" என்றாள். மனு எழுதியவர் படித்தார். தன் பெயரும் தன் ஊரும் வந்த இடத்தில் அவள் தலையசைத்தாள்.