வானலையைப் பங்கிடும் வித்தை

கைப்பேசியின் தலைமுறைகளைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் வேகத்தையே பிரஸ்தாபிக்கின்றனர். விளம்பரக்காரருக்கு அது போதும். ஆனால் வானலை அளவோடு மட்டுமே கிடைக்கும் பொருளாதலால், அதனை ஒரே சமயத்தில் பேச விழையும் பல்லாயிரம் பேருக்கு எவ்வாறு பங்கிடுவது என்ற வினாவுக்கு ஒவ்வொரு தலைமுறையும் கண்ட விடையே உண்மையான வேற்றுமை என்பது என் அபிப்பிராயம்.

1979-இல் டோக்கியோவிலும் 1983-இல் சிகாகோவிலும் தோன்றிய முதல் தலைமுறையில், பேசி முடிக்கும்வரை ஒவ்வொருவருக்கும் தனி அலைவரிசை ஒன்று ஒதுக்கப்பட்டது. குரல் எந்த மறைப்புமின்றிச் சென்றமையால், ஸ்கேனர் வைத்திருந்த எவரும் அயலார் ரகசியங்களை ஒட்டுக்கேட்க முடிந்தது.

1991-இல் பின்லாந்தில் உதயமான ஜிஎஸ்எம் என்னும் இரண்டாம் தலைமுறையோ, குரலை எண்களாக்கி, 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை எட்டுப் பேருக்குக் காலத்தால் பகிர்ந்தளித்தது. ஒருவருக்கு ஒரு முறையில் கிட்டுவது அரை மில்லிவிநாடிக்குச் சற்று மேற்பட்ட நேரமே. எனினும் அம்முறை விநாடிக்கு ஏறக்குறைய 217 தடவை வந்துகொண்டே இருப்பதால், கேட்பவர் செவியில் பேச்சு அறுபடுவதில்லை. பழைய பட்டன் போனை ரேடியோவின் அருகில் வைத்திருந்தவர்கள், அழைப்பு மணி ஒலிப்பதற்குச் சற்று முன்னரே ரேடியோவில் ‘டிர்ர் டிர்ர்’ என்றொரு கரகரப்பு எழுந்ததை மறந்திருக்க மாட்டார்கள். போன் தன் முறைதோறும் விட்டுவிட்டு அனுப்பிய துடிப்புகளே அவை. 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசிய, இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடலும் இந்த ஏற்பாட்டில் நிகழ்ந்ததே.

2001-இல் ஜப்பானில் தொடங்கிய மூன்றாம் தலைமுறை, துணிச்சலில் மற்றவற்றை விஞ்சியது. 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் எல்லோரும் ஒருங்கே பேசலாம். ஒவ்வொருவர் பேச்சின்மீதும் ஏற்றப்பட்ட தனிச் சங்கேதத்தைக் கொண்டு கோபுரம் அதனைப் பிரித்தெடுத்துக்கொள்ளும். ஆயினும் தவில் முழங்கும் மேடையில் வீணை எடுபடாததுபோல, கோபுரத்தின் அடியில் நிற்பவரின் போன் உரக்க ஒலித்தால் தொலைவில் உள்ளவரின் குரல் அமிழ்ந்துவிடும் அன்றோ? அதற்காகவே, சக்தியைக் கூட்டு அல்லது குறை என்று விநாடிக்கு 1500 தடவை கோபுரம் ஒவ்வொரு போனுக்கும் ஆணையிட்டது.

2009-இல் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் வந்த நான்காம் தலைமுறை, அகன்ற அலைவரிசையை 15 கிலோஹெர்ட்ஸ் இழைகளாகப் பிரித்து, இன்னாருக்கு இத்தனை இழைகள் என்று மில்லிவிநாடிதோறும் கணக்கிட்டு வழங்கியதோடு, பேச்சுக்கெனத் தனித் தடம் என்பதையே ஒழித்து, குரலையும் இணையத் தரவுப் பொட்டலமாக்கிவிட்டது. ஐந்தாவது அவ்விழை முறையையே கைக்கொண்டு, பல ஆன்டெனாக்களை ஒருங்கே இயக்கி, அலையை எத்திசையும் இறைக்காமல் அவரவர் போனை நோக்கிக் குவிக்கும் உத்தியை மேலும் வளர்த்தது; இந்தியாவில் அது 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது.

புதியது வந்தால் பழையது முதலில் மறையும் என்ற நியதியும் இத்துறையில் இல்லை. ஏர்டெல் நிறுவனம் இந்தியாவில் மூன்றாம் தலைமுறையை மூடிய பின்னரும், பட்டன் போன்களின் பொருட்டு இரண்டாம் தலைமுறையைத் தொடர்ந்து நடத்தியது.