எண்ணெய் போகலாம், பிண்ணாக்கு போகக்கூடாது

தாத்தா காலத்து நிலத்தை மீட்க ஊர் திரும்புகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றை, அடுத்தது வேலியை. சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்கி, வரப்பைக் கட்டி, முதல் விளைச்சலை மூட்டை பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டால் நிலம் மீண்டுவிட்டது என்று நினைக்கிறோம். நான் அந்த வண்டியைத்தான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். அந்த மூட்டைகளோடு சேர்ந்து நிலமும் எவ்வளவு போகிறது?

இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட், காயவைத்த மண் சுமார் 90 கிலோவைத் தொட்டியில் நிரப்பி, ஒரு வில்லோக் கன்றை நட்டார். 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறத்தாழ 74 கிலோ கூடியது. மண்ணைத் திரும்பக் காயவைத்து நிறுத்தபோது குறைந்திருந்தது வெறும் 57 கிராம். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். 1648-இல், அவர் மறைந்த பிறகு, அது நூலில் வெளிவந்தது. பாதி சரி. மீதியை இலைகள் காற்றிலிருந்து, கரியமில வாயுவாக எடுத்திருந்தன. அவர் பொருட்படுத்தாமல் விட்ட அந்த 57 கிராம்தான் மண்ணின் பங்கு. விவசாயியின் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது.

இப்போது செக்கடிக்கு வாருங்கள். உரலில் நிலக்கடலைப் பருப்பு அரைபட்டு, முதலில் மாவாகி, பிறகு ஈரம் கோத்துக் களியாகிறது. ஓரத்தில் எண்ணெய் கசியத் தொடங்கி, கலங்கலாக வழிந்து இறங்குகிறது. உலக்கையைச் சுற்றி இறுகி நிற்பது பிண்ணாக்கு. பாத்திரத்தில் இறங்கிய எண்ணெய் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற மூன்றால் ஆனது. மூன்றும் காற்றும் தண்ணீரும் கொடுத்தவை. கோத்துக் கட்டியது வெயில். மண்ணிலிருந்து வந்தது அதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் பிண்ணாக்கில் தங்கிவிடுகின்றன. கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து மட்டுமே சுமார் 7 விழுக்காடு.

100 கிலோ பருப்பை அப்படியே விற்றால் 4 கிலோவுக்கு மேல் தழைச்சத்து ஊரைவிட்டுப் போகிறது. ஆட்டி எண்ணெயை மட்டும் விற்று, பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்து, சாணத்தை வயலுக்குக் கொண்டுபோனால் பெரும்பகுதி வீட்டிலேயே சுற்றுகிறது. எண்ணெய்க்குக் கூடுதல் விலை கிடைக்கிறது என்றுதான் செக்கு வைக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிய லாபமாகத் தெரிவது இதுதான்.

நெய்யும் அப்படியே. பாலை விற்றால் அதன் புரதமும் சுண்ணாம்பும் மணிச்சத்தும் சேர்ந்தே போகும். நெய்யை விற்றால் அவை மோரில் நின்றுவிடும். வைக்கோலைக் கட்டுக் கட்டாக விற்கிறவர்கள் நெற்பயிர் எடுத்த சாம்பல்சத்தின் பெரும்பகுதியை விற்கிறார்கள். நெல்லாக விற்காமல் அரிசியாக்கி விற்றால் உமியும் தவிடும் களத்தில் மிஞ்சும். நெல்மணியின் மணிச்சத்தில் பெரும்பங்கு தவிட்டில்தான். ஆனால் கைக்குத்தல் அரிசி கேட்டு வருகிறவர்களுக்குத் தவிட்டோடுதான் கொடுக்கவேண்டும். அவர்கள் உடம்புக்கு நல்லது, கொடுக்கத்தான் வேண்டும். அந்த இழப்பை எங்கிருந்தாவது ஈடுகட்டியாக வேண்டும்.

தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, வழி காற்றிலேயே இருக்கிறது. பூவெடுக்கும் பருவத்தில் ஒரு தக்கைப்பூண்டையோ சணப்பையோ வேர் அறாமல் மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் அது. முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகிறது; அதற்குப் பயன்படும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிவப்புப் புரதம் ஆக்சிஜனைத் தன்னிடம் பிடித்துவைத்து, அளந்து அளந்து கொடுக்கிறது. ஒரு களைச்செடி போன்ற பூண்டின் வேருக்குள் இரத்தத்தின் நிறத்தில் இப்படியொரு ஏற்பாடு! முடிச்சின் உள்ளே பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம். சிவப்பாக இருக்கும்போதே மடக்கி உழுதுவிட வேண்டும்.

மணிச்சத்துக்கு இந்த வழி இல்லை, காற்றில் அது கிடையாது. வெளியிலிருந்து சுமந்துதான் வரவேண்டும். கோடையில் ஏரி வண்டலை வண்டியில் அடித்தது அதற்குத்தான்.

இன்னொரு வண்டி நாலு காலில் வரும். பகலெல்லாம் புறம்போக்கிலும் கரட்டிலும் மேய்ந்த ஆடுகளை அந்தியில் வயலில் கிடை போடுகிறார்கள். யாரும் உழாத இடத்துச் சத்து புழுக்கையாகவும் மூத்திரமாகவும் இரவோடு இரவாக நம் மண்ணில் இறங்குகிறது. விடிந்ததும் மந்தையை நடத்தும் கீதாரி பட்டியைப் பிரித்து, நேற்று ஆடு படுக்காத இடமாகப் பார்த்துத் தள்ளிக் கட்டுகிறார்.